டென்சிலுக்கு ஒரே பிள்ளை

சேசு மரி சூசை

பிரேசர் டவுன், பெங்களூரு
பிப்ரவரி 10

அன்புள்ள அக்கா,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் காலத்தில் கல்தரையில் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவளிடம் இதைக் கேட்பது அபத்தம்தான், இருந்தாலும் கேட்கிறேன். என் வீட்டுக்காரி சிந்தியாவுக்கு இருமல் விட்டபாடில்லை. எனக்கு ஒரு தலைவலியைத் தவிர வேறு குறையில்லை. அந்தத் தலைவலியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் மடத்துக்குள் பேப்பர் வருமோ வராதோ, இங்கே ஊரே இதைத்தான் பேசுகிறது. வண்டிகளுக்குப் புது வரி வரப்போகிறதாம். என்ஜின் பெரிதாக இருந்தால் ஒரு வரி, புகை அதிகம் விட்டால் அதற்கு மேல் இன்னொன்று. இன்னும் சட்டமாகவில்லை, பரிந்துரைதான். ஆனால் ஏப்ரல் ஒன்றுக்குப் பிறகு பெயர் மாற்றும் பழைய வண்டி எதுவானாலும் மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்கிறார்கள்.

போன ஞாயிறு பங்குக் கோவில் மண்டபத்தில் வண்டிக்காரர்கள் கூட்டம். நம் மாடியில் குடியிருக்கும் சரவணன் பெரிய கார் ஒன்று வாங்கியிருக்கிறான், பஸ்ஸில் பாதி இருக்கும். "லோன் போட்டு வாங்கினது சார், என்ஜின் பெருசா இருக்கறது என் தப்பா? நான் ஓசூர்ல மாமியார் அட்ரஸுக்கு மாத்திக்கறேன். அத்திபெலே பார்டர தாண்டிட்டா நம்மள யாரு கேக்கப் போறாங்க?" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது ஸ்ரீரஞ்சனி டீச்சர் எழுந்தாள். "என் பொண்ணு இன்ஹேலர் இல்லாம ஸ்கூலுக்குப் போறதில்ல. பெரிய வண்டி வெச்சிருக்கறவங்க கட்டட்டுமே, என்ன கொறஞ்சு போச்சு?" அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்துக் கத்தினார்கள்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அமரர் ஊர்திக்கும் உண்டா சார்?" சிரிப்பு அடங்கவே இல்லை. "பொணத்துக்கும் பொகை வரியா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

நம் வேன் பதின்மூன்று வருஷத்து டீசல் வண்டி. இந்த வரி வந்தால் விற்றுவிட வேண்டியதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு, வீட்டிலிருந்து கோவில், கோவிலிலிருந்து கல்லறை. இதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. காசு இல்லாத வீடுகளுக்கு அப்பா சும்மாதான் ஓட்டினார், நானும் அப்படியே. அவர்களுக்கு வேறு யார் வருவார்கள்?

வண்டி இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஏஜெண்ட் முனிகிருஷ்ணன் ஏப்ரலுக்கு முன்னால் என் பெயருக்கு மாற்றிவிட்டால் தப்பித்தோம் என்கிறான். அதற்கு அப்பாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் காகிதத்தில் வரவேண்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நீ கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். போனில் இரண்டு நிமிடத்தில் முடிகிற பேச்சு. உன் மடத்துப் போன்தான் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஆயிற்றே.

எங்களை ஜெபத்தில் மறக்காதே.

உன் தம்பி,
கிளெமென்ட்

*

மடம், திண்டுக்கல் வழி
பிப்ரவரி 19

அன்புத் தம்பி கிளெமென்ட்டுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். முழங்காலுக்கு இங்குள்ள ஒரு சிஸ்டர் ஏதோ எண்ணெய் காய்ச்சித் தருகிறார். வலி போகவில்லை, வாசனை மட்டும் தேவாலயம் முழுக்க வருகிறது. சிந்தியாவை டாக்டரிடம் கூட்டிப் போ. இருமலுக்குக் கஷாயம் போதும் என்று நீ சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும்.

அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. இன்னும் பெயர் மாற்றவில்லையா? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை வாங்கப் போவதற்கே மூன்று வருஷம் எடுத்துக்கொண்டவன்தானே நீ.

அந்த டீச்சர் சொன்னதில் தப்பில்லை. அம்மாவைக் கொண்டுபோன வண்டிக்குப் பின்னால் நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. புகையில் கண் எரிந்தது. எல்லோரும் நான் அழுகிறேன் என்று தேற்றினார்கள். அழுதுகொண்டும்தான் இருந்தேன். எனினும் உன் பிழைப்பு எனக்கு முக்கியம், பேப்பரை அனுப்பு. அப்பாவின் மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இருபத்தாறு வருஷமாகிறது, எனக்கே ஆசையாக இருக்கிறது.

ஒன்றை மறக்காதே. மார்ச் ஐந்து சாம்பல் புதன். அன்றிலிருந்து ஏப்ரலில் வரும் ஈஸ்டர் பாஸ்கு வரை எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து கிடையாது. வருவதெல்லாம் மதருடைய மேசை டிராயருக்குள் போய்விடும். ஆகவே உடனே அனுப்பு. தாமதமாகிவிட்டால் மதருக்குப் போன் செய்.

அன்புடன்,
பிரிஜெட் அக்கா

*

பிரேசர் டவுன்
மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், விசாரிக்க நேரமில்லை. பேப்பரை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போடு.

தாமதத்துக்கு என்னைத் திட்டாதே. ஒரே வாரத்தில் நான்கு அடக்கம். நடுவில் முனிகிருஷ்ணன் திருப்பதி போய்விட்டான். நாளை மறுநாள் புதன் என்று தெரியும். ஸ்பீட் போஸ்ட் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்துவிடும் என்று போஸ்ட் ஆபீஸில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள்.

அவசரத்துடன்,
கிளெமென்ட்

*

பிரேசர் டவுன்
மார்ச் 28

அன்புள்ள அக்கா,

தவக்காலத்து நோன்பு உன் உடம்பைப் படுத்தாமல் இருக்க வேண்டும். இங்கே சுகம்.

இந்தக் கடிதம் பாஸ்கு வரை மதருடைய டிராயரில் கிடக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். வேலை முடிந்துவிட்டது. வண்டி என் பெயருக்கு வந்துவிட்டது. முனிகிருஷ்ணன் வேறு ஒரு வழி பார்த்தான். உன் கையெழுத்து தேவைப்படவில்லை. அந்தப் பேப்பரைக் கிழித்துப் போட்டுவிடு.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

கிளெமென்ட்

*

மடம்
ஏப்ரல் 22

அன்புத் தம்பி,

அல்லேலூயா! பாஸ்குத் திருநாள் வாழ்த்துகள். ஐந்து கிலோ இளைத்திருக்கிறேன், மற்றபடி கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறேன்.

நேற்று மதர் என் கடிதங்களைக் கொடுத்தார். தேதிப்படிதான் பிரிப்பேன் என்பது உனக்குத் தெரியும். மார்ச் மூன்றாம் தேதிக் கடிதம் வியாழக்கிழமைதான் வந்திருக்கிறது, ஒரு நாள் பிந்திவிட்டது. பதறிப்போனேன். இரண்டாவதைப் பிரிக்காமலே மதரிடம் ஓடினேன். அவர் நோட்டரியை மடத்துக்கே வரவழைத்தார். மனிதர் பார்வையாளர் அறைக் கிராதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வியர்த்து விறுவிறுத்து, முத்திரை வைத்துக் கொடுத்தார். "காலம் சென்ற டென்சிலின் மகள் பிரிஜெட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம்தான் உன் இரண்டாவது கடிதத்தைப் படித்தேன்.

இருக்கட்டும், கிழிக்க மனம் வரவில்லை. இதிலேயே வைத்து அனுப்புகிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. இரண்டு பேரும் வரவேண்டும் என்றாய். நான் இல்லாமல் எப்படி முடிந்தது?

சிந்தியாவின் இருமலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. எழுது.

அன்புடன்,
பிரிஜெட் அக்கா

*

பிரேசர் டவுன்
மே 19

அன்புள்ள அக்கா,

பேப்பர் கிடைத்தது, நன்றி. பத்திரமாக வைத்திருக்கிறேன். சிந்தியாவுக்கு இப்போது பரவாயில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை கேட்கிறது. உன் உடம்பை ஏற்றப் பார்.

பெரிய வேடிக்கை கேள். வரி வரவில்லை! பரிந்துரையை ஒத்திவைத்துவிட்டார்களாம். எப்போது எடுப்பார்கள், எடுப்பார்களா என்பதே தெரியவில்லை. எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். அந்தப் பட்டாசு விட்ட புகையை வேன் ஒரு மாதத்தில் விடாது. சரவணன் பாடுதான் திண்டாட்டம். அவசரப்பட்டு ஓசூருக்கு மாற்றிவிட்டான். இப்போது இங்கே ஓட்டுவதென்றால் இங்கேயும் ரோடு வரி கட்டு என்று மடக்குகிறார்கள். காரைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு பஸ்ஸில் ஆபீஸ் போகிறான். ஸ்ரீரஞ்சனி டீச்சர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பட்டாசுப் புகைக்கு முந்தானையால் குழந்தையின் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனாள்.

ஆனேக்கல் பக்கம் ஒரு அடக்கத்துக்குப் போனேன். நல்ல மழை. வண்டி ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

ஜெபத்தில் நினைத்துக்கொள்.

கிளெமென்ட்

*

மடம்
ஜூன் 8

அன்புத் தம்பி,

நலம், நலமே வேண்டும். பட்டாசு, பஸ், ஆனேக்கல் மழை எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. நான் இல்லாமல் எப்படி முடிந்தது? என் கையெழுத்தை நீயே போட்டாயா? போட்டிருந்தால் சொல்லிவிடு. திட்டுவேன், பிறகு மறந்துவிடுவேன்.

பிரிஜெட் அக்கா

*

மடம்
செப்டம்பர் 15

அன்புத் தம்பி,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் தினமும் மன்றாடுகிறேன். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. ஜூனில் எழுதியது கிடைத்ததா? தபால் மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு இருக்குமா என்று பார்க்கிறேன். இந்த வயதில் எனக்கு இது நன்றாகவா இருக்கிறது?

பிரிஜெட்

*

பிரேசர் டவுன்
நவம்பர் 24

அன்புள்ள அக்கா,

உன் சுகத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் நீ சுகமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. அதன் பிறகு கிறிஸ்மஸ் வரை உன்னால் எழுத முடியாது. அந்த தைரியத்தில்தான் இன்று எழுதுகிறேன். என்னைக் கோழை என்று நினைத்துக்கொள்.

கையெழுத்தை நான் போடவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன். பேப்பர் வியாழக்கிழமைதான் வந்து சேர்ந்தது என்று போஸ்ட் ஆபீஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாஸ்கு வரை பதில் வராது என்று முனிகிருஷ்ணனிடம் சொன்னேன். அவன் பாதிக் கன்னடத்தில் சொன்னான்: "உங்க அக்கா வர்றதில்ல, போறதில்ல, எழுதறதும் இல்ல. இல்லைன்னே போட்டுறலாமே சார். ஒரே பிள்ளைன்னு ஒரு வம்சவிருட்ச சர்டிபிகேட் வாங்கிட்டா ஆகுத்தே சார், முடிஞ்சுது."

"காலம் சென்ற டென்சிலுக்கு நான் ஒருவனே பிள்ளை" என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தேன். தாலுகா ஆபீஸிலிருந்து வருவாய் இன்ஸ்பெக்டர் தெருவுக்கு வந்து விசாரித்தார். அக்கம்பக்கத்தில் ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சிறுமியாக நீ முதன்முதல் நன்மை வாங்கியபோது உனக்குக் கவுன் தைத்துக் கொடுத்த மரியா ஆன்ட்டியும் அதில் ஒருவர். "ஏண்டா, அப்ப பிரிஜெட்?" என்று கேட்டார். "சும்மா ஒரு பேப்பர்தான் ஆன்ட்டி" என்றேன். போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நம் வீட்டுப் படி ஏறவில்லை.

எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ மடத்தில் நிரந்தரத் துறவற வாக்குக் கொடுத்த நாளில் உன்னைத் தரையில் குப்புறப் படுக்க வைத்து, துணி போட்டு மூடி, மணி அடித்தார்கள். அப்பா சாவு வீட்டில் அழுகிற மாதிரி அழுதார். அன்றைக்கே போய்விட்டவளைத்தானே இல்லை என்கிறேன், அதில் என்ன பொய் என்று நினைத்துக்கொண்டேன்.

அதுவும் சாக்குத்தான். கோபம், அக்கா. அப்பா இறந்த அன்று மதருக்குப் போன் செய்தேன். மூன்றாம் நாள் உன் ஜெப அட்டை வந்தது, மடத்தை விட்டு வெளியே வரக் கூடாத அடைப்பின் ஒழுங்கு காரணமாக வர இயலவில்லை என்று. அப்பாவை அவருடைய வண்டியிலேயே வைத்து நான்தான் ஓட்டினேன். கண்ணாடியில் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். நீ இருக்க மாட்டாய் என்று தெரியும். தெரிந்தும் பார்த்தேன். மதருக்குப் போன் செய் என்று நீ முதலிலேயே எழுதியிருந்தாய். அந்த நம்பருக்கு மறுபடி போன் செய்ய எனக்குக் கை வரவில்லை. சத்தியம் செய்தபோது ஒரு நிமிடம் மனதுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. இதையும் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் பாதிதான்.

கிளெமென்ட்

*

மடம்
டிசம்பர் 27

கிளெமென்ட்டுக்கு,

கிறிஸ்து பிறப்பின் சமாதானம். உடம்பு சுகம்.

உன் கடிதம் நவம்பர் இருபத்தேழாம் தேதியே கிடைத்துவிட்டது. பதில் எழுத இரண்டு நாள் இருந்தது. எனக்கு அது போதவில்லை. ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று மதர் கேட்டதற்குப் பித்தம் என்றேன்.

நான் எல்லாவற்றையும் விட்டு வந்தவள்தான். வீட்டை விட்டேன், பங்கை விட்டேன், தெருவை விட்டேன். அப்பாவின் மகள் என்பதை எங்கேயும் எழுதிக் கொடுத்துவிட்டு வரவில்லை. நான் விட்டது வேறு, நீ எடுத்துக்கொண்டது வேறு. அன்று என்னைத் துணி போட்டு மூடியது உனக்கு நினைவிருக்கிறது. துணியை எடுத்ததும் நான் எழுந்து நின்றேனே, அது மறந்துவிட்டதா?

அதே ஆபீஸுக்குப் போ. டென்சிலுக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொல். வண்டி போனால் போகட்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அப்பாவின் அடக்கத்தைப் பற்றி நீ எழுதியதற்கு இப்போது என்னால் பதில் எழுத முடியவில்லை.

பிரிஜெட்

*

பிரேசர் டவுன்
ஜனவரி 19

அன்புள்ள அக்கா,

உனக்கு எந்தக் குறையும் வரக்கூடாது. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே.

போனேன். முனிகிருஷ்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். "வரியே இல்லைன்னு ஆயிடுச்சு, தூங்கற பாம்ப ஏன் சார் மிதிக்கறீங்க?" என்றான். தனியாகவே போய் அதிகாரி முன்னால் நின்று, எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "போன வருஷம் இல்லைன்னு சத்தியம் பண்ணினீங்க. இப்ப இருக்காங்கன்றீங்க. நான் எத நம்பறது?" ஏப்ரலில் நீ அனுப்பிய பேப்பரைக் காட்டினேன். "பொய் சத்தியம் பண்ணின ஆள் கொண்டாந்த பேப்பர். இதுல யார் கையெழுத்துப் போட்டாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஆள் வரணும். பிப்ரவரி ஒன்பது விசாரணை. நேர்ல வந்தா ரெண்டு பிள்ளைன்னு திருத்தி எழுதறேன், உங்களுக்கு அபராதத்தோட போகும். வரலைன்னா ஃபைல் போலீஸுக்குப் போகும்."

விசாரணை முடியும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. போன வியாழக்கிழமை மரியா ஆன்ட்டி இறந்துபோனார். வேறு எங்கிருந்தோ ஒரு வண்டி வந்தது. நான் பின்னால் நடந்து போனேன். புகை முழுக்க என் முகத்தில். கல்லறையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவருக்குக் கேட்டதோ என்னவோ.

இல்லை என்று எழுத ஒரு வாரம்தான் ஆனது, அக்கா. இருக்கிறாள் என்று எழுத வைக்க முடியவில்லை. என் அக்கா அடைப்பு மடத்தில் இருக்கிறவள், வர முடியாது என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். போலீஸ் வந்தால் வரட்டும், செய்தவன் நான்தானே. நீ யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம்.

கிளெமென்ட்

*

மடம்
ஜனவரி 31

அன்புத் தம்பி கிளெமென்ட்டுக்கு,

சுகம் விசாரிப்பதை நேரில் வைத்துக்கொள்ளலாம். நான் வருகிறேன். எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குவேன். கூட ஒரு சிஸ்டர் வருகிறார். மறுநாள் விசாரணைக்கு வந்து, நான்தான் பிரிஜெட், டென்சிலின் மூத்த பிள்ளை என்று சொல்வேன்.

நீ கேட்க வேண்டாம் என்றாய், கேட்டுவிட்டேன். எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். உன் கடிதத்தை மதரிடம் காட்டினேன். மதர் அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதினார். எட்டு நாளில் அனுமதி வந்துவிட்டது. என் கையில் கொடுக்கும்போது மதர் கேட்டார்: "அப்பா இறந்தப்ப ஏன் கேக்கல சிஸ்டர்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போன்லயே அனுமதி வாங்கி அன்னிக்கு ராத்திரியே அனுப்பியிருப்போமே."

நான் கேட்கவே இல்லை, கிளெமென்ட். கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பா இறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு வேறு ஒரு சிஸ்டரை அவர் அம்மாவின் அடக்கத்துக்கு அனுப்பினார்கள். எனக்குப் பயம். வெளியே வந்து அப்பாவை அப்படிப் பார்த்துவிட்டால் மறுபடி இந்தக் கதவுக்குள் நுழைய என் கால் வராது என்று பயந்தேன். அதனால் ஒழுங்கு காரணமாக என்று ஒரு அட்டையில் எழுதி உனக்கு அனுப்பிவிட்டு, தேவாலயத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். நீ கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனதாக எழுதியதைப் படித்தபோதும் இதைச் சொல்லவில்லை. உன்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன்.

அப்பாவிடம் என்னை முதலில் கூட்டிப் போ. அதற்குப் பிறகு விசாரணை. இதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்காமல் போகலாம். ஸ்டேஷனுக்கு நீ வருவாயா என்று எனக்குத் தெரியாது. நான் வருகிறேன்.

அக்கா,
பிரிஜெட்